விரல் கூடு

1994-ஆம் ஆண்டு, பங்குனி மாதத்து மதியம் ஒன்று. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த டேப் ரெக்கார்டரில் புதிதாகக் கிடைத்த ஒரு கேசட்டைப் போட்டேன். பாட்டு ஆரம்பித்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். அடுப்படியிலிருந்து அப்பத்தா வேகமாக வந்து, பாயில் உறங்கிக்கொண்டிருந்த அப்பாவை உலுக்கினார். "ஏய்யா, சங்கு ஊதிருச்சு, எந்திரி!"

அப்பா பதறி எழுந்து கொடியில் கிடந்த சட்டையை இழுத்தார். மணி இரண்டுகூட ஆகவில்லை. ஊதியது மில் சங்கு அல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து இளைஞர்கள் நால்வர், நான் பிறப்பதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பு பதிவு செய்திருந்த 'வார் பிக்ஸ்' என்ற பாட்டின் தொடக்கத்தில் வரும் விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு அது.

அப்பா கோபப்படவில்லை. பாயிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். "இது நம்ம சங்கு மாதிரி இல்லையே. ஏறி ஏறில்ல இறங்குது" என்றார். அதைச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் எங்கள் தெருவில் கிடையாது. மில் வாசலில் காவல் வேலை பார்த்த அவர்தான் ஷிப்டு மாறும்போதெல்லாம் சங்குப் பொத்தானை அழுத்துபவர். எந்தக் கையால் அழுத்துவார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

*

அந்தக் கேசட் கல்லூரி விடுதியில் இருந்த நண்பன் பதிவு செய்து கொடுத்தது. தொண்ணூறு நிமிட நாடா. முன்பு யாரோ சினிமாப் பாட்டுகள் பதிந்து வைத்திருந்ததன் மேலேயே பதிந்திருந்தான். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். இந்தத் தொகுப்பின் நீளமோ ஏறத்தாழ 42 நிமிடம். ஆகவே எட்டுப் பாட்டுகளும் முடிந்தபின், அழிபடாமல் தப்பிய இளையராஜா பாட்டு ஒன்றின் பின்பாதி திடீரென்று ஒலிக்கும். புயல் ஓய்ந்தபின் பக்கத்து வீட்டுக் கொல்லையில் யாரோ பாடுவது போல இருக்கும்.

உறையில் நீல மையால் 'பிளாக் சாபத் – பேரனாய்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. அது அவர்களுடைய இரண்டாவது தொகுப்பு என்பதோ, முதல் தொகுப்பு வந்த அதே 1970-இல், ஏழு மாத இடைவெளியில் வெளியானது என்பதோ அன்று எனக்குத் தெரியாது. பிப்ரவரி 13-இல் முதலாவது, செப்டம்பர் 18-இல் இரண்டாவது. (அந்த இரண்டாவது தேதியில்தான் லண்டனில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்துபோனார்.) விமர்சகர்கள் பலர் இந்த இசையை மதிக்கவில்லை. ஆனால் தொகுப்பு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று.

இசையில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. காதில் விழுந்ததைச் சொல்கிறேன். கிடாரும் பேஸ் கிடாரும் பல இடங்களில் ஒரே வரியைச் சேர்ந்தே வாசிக்கின்றன. இரண்டு பேர் ஒரே மூட்டையைத் தூக்குவது போல. டோனி அயோமி வாசிப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று சுரங்களில் கட்டிய தடித்த அடிகள். அவற்றையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார். கீஸர் பட்லரின் பேஸ் அதற்கு அடியில் மண் போடுகிறது. பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அதனால் இத்தனை கனத்துக்கு நடுவிலும் டிரம்ஸில் ஒரு துள்ளல் இருக்கிறது. ஆஸி ஆஸ்பர்னின் குரல் இவற்றுக்கெல்லாம் மேலே, தெருவில் யாரையோ எச்சரித்துக்கொண்டு போகிறவனின் குரலாகக் கேட்கிறது.

நால்வரும் 1948, 49-ஆம் ஆண்டுகளில் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்து ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசிய நகரம் அது. இடிந்த வீடுகளின் வெற்று மனைகளில் விளையாடி வளர்ந்தவர்களுடைய பாட்டில் அந்தச் சங்கு ஒலிப்பதில் வியப்பில்லை. அவர்களுடைய பெற்றோர் அதைக் கேட்டுப் பதுங்கு அறைகளுக்கு ஓடியவர்கள். எங்கள் அப்பத்தாவும் அதைக் கேட்டு ஓடித்தான் வந்தார், காரணம் வேறாக இருந்தாலும்.

*

அப்பா முதலில் காவல்காரர் அல்லர். 1989 வரை கார்டிங் பகுதியில் எந்திரம் பார்த்தார். நூற்பு மில்லின் உள்ளே போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். புளோரூமில் பஞ்சு அடிபட்டுச் சுத்தமாகி, கார்டிங்கில் முள்பற்கள் கொண்ட உருளைகளால் சிக்கெடுக்கப்பட்டு, மெல்லிய திரியாகி, பிறகு டிராயிங், சிம்ப்ளெக்ஸ், ஸ்பின்னிங் என்று போகும். எந்தப் பகுதியிலும் பேச்சு என்பது கிடையாது; கையசைவும் உதட்டசைவும்தான். ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தாலும் ஒரு மணி நேரம் அப்பா உரக்கத்தான் பேசுவார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். 1936-இல் ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு ஊரைச் சுற்றி ஒவ்வொன்றாக மில்கள் வந்தன. அவற்றில் அப்பா பார்த்தது எதுவென்பது இங்கே வேண்டாம். எங்கு வேண்டுமானாலும் நடந்திருக்கக்கூடியதுதான்.

ஓடும் எந்திரத்தில் அடைத்துக்கொண்ட பஞ்சை எடுக்கப்போய், வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாவது கணுவரை போயின. எனக்கு அப்போது 12 வயது. சிறிய தொகை ஒன்று கொடுத்து, வேலையை வாசலுக்கு மாற்றினார்கள்.

அப்பா கஞ்சிரா வாசிப்பவர். கச்சேரி வித்துவான் அல்லர். மார்கழி மாதத்து விடியலில் தெருத்தெருவாகத் திருப்பாவை பாடிப் போகும் பஜனை கோஷ்டியில் கஞ்சிரா அவருடையது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் இருக்கும்போது, எங்கள் ஊரில் மார்கழி சும்மா விடியாது. முழு நைட் ஷிப்டு முடிந்த நாட்களில் வீட்டுக்கு வராமல், தலையில் ஒட்டிய பஞ்சோடு நேராகக் கோஷ்டிக்குப் போய்விடுவார். கஞ்சிராவை இடக்கையில் பிடித்து வலக்கை விரல்களால் வாசிக்க வேண்டும். அந்த வருஷ மார்கழியில் கோஷ்டியினர் அவரிடம் ஜால்ராவைக் கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதன்பின் எல்லா வருஷமும் விளக்குதான்.

சங்குப் பொத்தானையும் அவர் இடக்கைக் கட்டைவிரலால்தான் அழுத்துவார்.

*

அயோமியின் கதையை நான் படித்தது 2003-இல், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த இணைய மையம் ஒன்றில். ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டியிருந்தேன். படித்து முடித்தபின் மீதி நேரத்தைப் பயன்படுத்தாமல் எழுந்து வந்துவிட்டேன்.

1965-இல் அயோமிக்கு 17 வயது. உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் பற்றவைப்பவர். இசைக்குழுவோடு ஊர் சுற்றப் போவதற்காக வேலையை விடுகிறார். அன்று கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக விரும்பவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைக்கிறார். வராதுபோன ஒருவருக்குப் பதிலாகப் பழக்கமில்லாத அழுத்து எந்திரத்தில் நிறுத்தப்படுகிறார். வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போகின்றன. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே கிடாரின் கம்பிகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவை.

இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது தொழிற்சாலை மேஸ்திரி ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்க வருகிறார். கேட்கவே பிடிக்காமல் இருந்தவரைக் கேட்கவைக்கிறார். பிறகு சொல்கிறார்: இதை வாசிப்பவருக்கு இரண்டு விரல்கள்தான் வேலை செய்யும். அது ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் வண்டிவீடு தீப்பற்றியதில் கை வெந்துபோன ஜிப்ஸி கிடார் கலைஞர். அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்கு உறை செய்கிறார். சூட்டுக்கோலால் குடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய தோல் சட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டுகிறார். உறைக்குள் இருக்கும் விரலுக்குக் கம்பி தெரியாது. அதனால் மெல்லிய கம்பிகளைத் தேடி, பாஞ்சோவின் கம்பியைக்கூடப் பயன்படுத்துகிறார். சிக்கலான பிடிகளைவிடத் தடித்த எளிய பிடிகளுக்கு நகர்கிறார். ஐந்து வருஷங்களுக்குப் பிறகு 'பேரனாய்டு'.

நான் என்ன செய்திருப்பேன் என்று வாசகர் ஊகித்திருப்பார். அன்றிரவே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாடகர் ஆஸி சிறு வயதில் தொழிற்சாலையில் கார் ஹாரன்களின் ஒலியைச் சரிபார்க்கும் வேலை பார்த்தவர் என்பது வரை சொன்னேன். ("அதுவும் சுருதி பாக்கிற வேலைதான்" என்றார்.) கடைசியில், "பாத்தீங்களாப்பா, விரல் போனப்புறம்தான் அவர் இவ்வளவு பெரிய ஆளானாரு" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. எனக்கு 26 வயது. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் பஸ் நிலையம்தோறும் விற்ற காலம். அவற்றை நான் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா உடனே எதுவும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்த மேஸ்திரி பெறகு என்ன ஆனாரு?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை.

"தட்டைக் கையில எடுத்துக்கிட்டு ஒருத்தர் வந்திருக்காருல்ல" என்றார். அவ்வளவுதான். விபத்துக்குப் பிறகு மில்லிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யார் யார் என்று இரவெல்லாம் எண்ணிப் பார்த்தேன். கையெழுத்து வாங்க ஒருவர் வந்தார்.

*

தவறைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு இன்னொன்றும் செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டுக்கு அடுத்த வீட்டில் தவில்காரர் ஒருவர் இருந்தார். ஆண்டாள் கோயில் உற்சவங்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாசிப்பவர். தவிலின் ஒரு பக்கத்தைக் கழியால் அடிப்பார்கள். மறுபக்கத்தை வெறும் விரலால் அடித்தால் விரல் தாங்காது. ஆகவே துணியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்துச் செய்த கூடுகளை விரல்களில் மாட்டிக்கொள்வார்கள். கல் போல இருக்கும். ஆடிப்பூரத் தேரன்று அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகக் கூடு மாட்டுவதைச் சிறு வயதில் வாய் பார்த்திருக்கிறேன். இரும்பில் இருந்து கையைக் காத்துக்கொள்ளப் பர்மிங்காம்காரர் கண்டுபிடித்தது, எங்கள் அத்தை வீட்டுப் பக்கத்துத் திண்ணையில் காலங்காலமாக இருந்திருக்கிறது.

விஷயத்தைச் சொல்லிக் கேட்டபோது அவர் தயங்கினார். "அவங்கவங்க விரலுக்கு அவங்கவங்க செஞ்சுக்கிறதுதான் தம்பி. என் கூடு அப்பாவுக்குச் சேராது" என்றார். ஆனாலும் தகர டப்பாவைத் திறந்து, தேய்ந்துபோன பழைய கூடு ஒன்றைக் கொடுத்தார்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருந்த மோதிரவிரலில் மாட்டி மேசையில் ஒரு தட்டு தட்டினார். கணீரென்று விழுந்தது. சிரித்தார். பிறகு கழற்றி, வெட்டுப்பட்ட ஆள்காட்டி விரலின் மீதத்தில் வைத்துக் காட்டினார். நிற்கவில்லை, கழன்று மடியில் விழுந்தது. "மாட்டுறதுக்கு விரல் வேணும்லய்யா" என்றார். குரலில் வருத்தமோ குத்தலோ இல்லை. எனக்கு ஒரு கணக்கை விளக்கிச் சொல்வது போலத்தான் சொன்னார். அயோமிக்குப் போனது நுனி. அப்பாவுக்குப் போனது விரல்.

*

இந்தத் தொகுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விபத்தில் இருந்து இசை பிறந்ததாக எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. விபத்து எதையும் தருவதில்லை, எடுத்துக்கொண்டு போகும். ஒரு மேஸ்திரி, ஓர் இசைத்தட்டு, மிஞ்சிய விரலின் நீளம், உடன் வாசிக்க மூன்று நண்பர்கள், பதினேழு வயது. இத்தனையும் ஒரே இடத்தில் கூடியிருந்தன. கூடாத இடங்களில் என்ன நடந்ததென்பதை யாரும் இசைத்தட்டாக வெளியிடுவதில்லை.

பாட்டுகளைத் திரும்பக் கேட்கும்போது, அந்த நால்வருக்கும் இது தெரிந்திருந்தது என்றே படுகிறது. வெற்றிக் கதை ஒன்றுகூட இதில் இல்லை. 'வார் பிக்ஸ்' போரை மூட்டிவிட்டு ஏழைகளை அனுப்பிவைக்கிற தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் பற்றியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். தொகுப்புக்கு அதையே பெயராக வைக்க நினைத்திருந்தார்கள், பிறகு மாற்றப்பட்டது. அட்டைப்படம் மட்டும் மாறவில்லை. வாளும் கேடயமுமாக இருட்டில் பாய்ந்து வருகிறவனுக்கும் 'பேரனாய்டு' என்ற தலைப்புக்கும் சம்பந்தம் இல்லாதது அதனால்தான். 'ஹேண்ட் ஆஃப் டூம்' அந்தப் போரில் இருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பிய சிப்பாய்களைப் பற்றியது. 'எலக்ட்ரிக் ஃப்யூனரல்' அணுகுண்டைப் பற்றியது. 'அயர்ன் மேன்' வருங்காலத்துக்குப் போய் அழிவைப் பார்த்துவிட்டு, எச்சரிப்பதற்காகத் திரும்பும் வழியில் இரும்பாகிப்போன ஒருவனின் கதை. அவனை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தலைப்புப் பாட்டு, தொகுப்பில் இடம் நிரப்புவதற்காக அரை மணி நேரத்துக்குள் போட்டது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதுவும் மனம் சரியில்லாத ஒருவனின் பேச்சுத்தான். அந்தப் பாட்டின் வரிகளில் 'பேரனாய்டு' என்ற சொல்லே கிடையாது. நடுவில் 'பிளானட் கேரவன்' மட்டும் குரலைத் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலச் சுழலவிட்டு, மெல்லிய கைமுரசோடு எங்கோ மிதந்து போகிறது. முழு நைட் முடிந்து வெளியே வரும்போது சஞ்சீவி மலைப் பக்கமிருந்து வருகிற காற்றாக அதை வைத்துக்கொள்வேன்.

இதே இசையை நம்மவர்களும் கையாண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழரான கதிரேசன் 1992-இல் சேர்ந்து தொடங்கிய 'ருத்ரா' குழு, இந்தப் பேரொலியில் வேதாந்தத்தை வைத்துப் பாடியது. அவர்களுடைய இரண்டாவது தொகுப்பு 2001-இல் வந்தது. அப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்த ஆங்கிலப் பாட்டு 'சங்குப் பாட்டு' ஒன்றுதான்.

*

அப்பா 2016-இல் காலமானார். 2025 ஜூலை 5-ஆம் தேதி, ஆஸ்டனில் அவர்கள் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்து வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். நடக்க இயலாத ஆஸி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பாடிய நான்கில் மூன்று இந்தத் தொகுப்பின் பாட்டுகள். ஜூலை 22-இல் அவர் இறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூர உற்சவம் நடந்துகொண்டிருந்த நாட்கள். நானும் அம்மாவும் அத்தை வீட்டில் இருந்தோம். செய்தியை அம்மாவிடம் சொன்னேன்.

"யாரு, அந்தச் சங்குப் பாட்டுக்காரரா? பாவம்" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்கப்பா அந்தக் கேசட்டை நீ போட்டா எந்திரிச்சே போகமாட்டாரு. தெரியுமா, எல்லாம் அந்தக் கடைசிப் பாட்டுக்காகத்தான். பாதியில வருமே, இளையராசா பாட்டு. அதுக்குத்தான் அம்புட்டுச் சத்தத்தையும் பொறுத்துக்கிட்டு இருப்பாரு" என்றார்.

இருக்கலாம். ஆனால் எனக்கு வேறொன்றும் நினைவிருக்கிறது. 'வார் பிக்ஸ்' பாட்டில் சங்கு ஓய்ந்தபின், வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். அந்த வெற்றிடத்தில் குரல் மட்டும் ஒரு வரி பாடும். டிரம்ஸின் சிறுதட்டு மெல்லக் காலம் எண்ணிக்கொண்டிருக்கும். மறுபடி இரண்டு அடி. அந்த இரண்டு அடிகள் வரும்போதெல்லாம் அப்பாவின் இடக்கை நாற்காலியின் கைப்பிடியில் விழும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. நான் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும் என்று பார்க்காமலேயே இருந்திருக்கிறேன். கஞ்சிராவைத் தொடாமல் இருந்த அந்த வருஷங்களில் அவர் தாளம் போட்டு நான் பார்த்தது அங்கே மட்டும்தான். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்றிரவு அத்தை வீட்டு மாடியில் கைபேசியில் தொகுப்பை முதலில் இருந்து போட்டேன். கோயில் பக்கமிருந்து தவில் சத்தம் வந்துகொண்டிருந்தது. சங்கு ஊதியபோது அத்தை கீழேயிருந்து என்னவென்று கேட்டார். அம்மா பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன். எட்டாவது பாட்டும் முடிந்து கைபேசி ஓய்ந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்றார் அம்மா. "அந்தப் பாட்டு வரலையே?"